என் அய்யா மருந்து குடிக்கவில்லை

என் உசுருக்கு உசுரான அய்யாவுக்கு,

நேற்று உங்கள் தலைத்திவசம். படையல் போட்டுக் கும்பிட்டு எழுந்திருக்கிறோம், வாசலில் ஒரு குரல்: "மருந்தக் குடிச்சுச் செத்தாரே, அவருக்கா இன்னைக்கு?" எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது அய்யா.

நீங்களா குடித்தீர்கள்? மறுநாள் மிளகாய்க்குக் களை வெட்ட ஆள் சொல்லி வைத்திருந்த மனுசனா?

மருந்தடித்துவிட்டு நீங்கள் மயங்கி விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் "குடிச்சாரா?" என்று கேட்டதும், சித்தப்பா பதற்றத்தில் "ஆமா, குடிச்சிருப்பாரு" என்று சொல்லித் தொலைத்தார். அந்தச் சொல் உங்களைக் கொண்டு வருவதற்குள் நம் சிக்கல் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் வயிற்றைக் கழுவியபோது மத்தியானம் குடித்த கம்மங்கஞ்சிதான் வந்தது. அதைப் பேச மட்டும் எவருக்கும் வாய் வரவில்லை.

பரமக்குடியில் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். என் அய்யாவுக்காக அதைப் பேசாமல் வேறு எதற்குப் படித்தேன்?

டப்பா மருந்தை வாளித் தண்ணீரில் ஊற்றிக் கையாலேயே கலக்குவீர்கள். பால்போல் வெளுத்ததும் "கரைஞ்சிருச்சுத்தா" என்பீர்கள். கரையவில்லை அய்யா. சிறுசிறு எண்ணெய்த் துளிகளாகச் சிதறித்தான் நின்றது. தண்ணீரில் ஆக்சிஜன் பிணைப்பின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் எதிர் மின்னூட்டம், மறுபக்கம் நேர் மின்னூட்டம். உப்பும் மின்னூட்டம் உள்ளதுதான், அதைத் தண்ணீர் சூழ்ந்து பிரித்துக் கரைத்துவிடும். உங்கள் மருந்தில் அப்படிப் பிடிப்பதற்கு ஒன்றும் கிடையாது. அது எண்ணெயோடும் கொழுப்போடும்தான் சேரும். நம் தோலிலும் கொழுப்பு இருக்கிறது.

அன்றைக்கும் ஒழுகுகிற ஸ்பிரேயரை முதுகில் சுமந்து, நனைந்த சட்டையோடு பொழுதுக்கும் நின்றீர்கள். பிறகு நம் கிணற்று உப்புத்தண்ணீரில் கை கழுவினீர்கள். எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து இழுத்துப்போக சோப்பால் முடியும். ஆனால் நம் கிணற்றில் சோப்பு நுரைக்குமா? திரிதிரியாகத் திரிந்து கையிலேயே ஒட்டும். "சனியன் பிடிச்ச தண்ணி" என்று திட்டிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்வீர்கள்.

நேற்று வாசலுக்குப் போய் இதைச் சொன்னேன். எல்லாரும் முழித்தார்கள். அங்கே நின்ற, நம் காட்டில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பெண்களைப் பார்த்துக் கேட்டேன்.

"கை எரிஞ்சா என்னக்கா செய்வீங்க? பச்சத்தண்ணியில கழுவுனாப் போயிருமா?"

"ஏத்தா, தண்ணி ஊத்துனா எங்க போகும்? நல்லெண்ணெயத் தேச்சாத்தான் அடங்கும்!"

"அந்தக் காரமும் தண்ணியில கரையாது. எங்கய்யா மேல பட்ட மருந்தும் அப்படித்தான். தோல் வழியாவே உள்ள போயிருச்சு."

சித்தப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகட்டுமே!

இன்று காலை அவர் தன் காட்டில் மருந்தடித்தார். முடித்ததும் நேரே நம் வரப்புக்கு வந்து நின்றார். ஊருணியிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் இப்போதெல்லாம் அங்கே வைத்திருக்கிறேன்.

"செல்வி, கொஞ்சம் ஊத்துத்தா."

ஊற்றினேன். நுரை முழங்கை வரை பொங்கியது. நன்றாகத் தேய்க்கச் சொல்லி, முழுக்கக் கழுவி முடிக்கும்வரை ஊற்றினேன். அப்புறம் கேட்டேன்: "சித்தப்பா, எங்கய்யா குடிச்சாரா?"

"இல்லத்தா" என்று முனகினார்.

"எனக்குத் தெரியும். அந்தா காம்பு கிள்ளுறவுகளுக்குக் கேக்கணும்."

சித்தப்பா ஈரக்கையோடு திரும்பி நின்று கத்தினார்: "எங்கண்ணன் குடிக்கலத்தா! குடிக்கல! நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்!" கத்திவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன் அய்யா.

இனி எவர் அந்தச் சொல்லை எடுத்தாலும் அவர் வாசலுக்கே போய் நின்று பாடம் நடத்துவேன். குடத்தில் நல்ல தண்ணீர் குறையவும் விடமாட்டேன்.

உங்கள் வாயாடி மூத்த மகள்,
பாண்டிச்செல்வி