மச்சான் நீங்கலாக

ஆகஸ்ட் 9
துண்டு நெய்யும் எங்கள் கம்பெனியின் வரலாற்றில் இன்று முக்கியமான நாள். காலை இட்லிக்குப் பிறகு முதலாளி காளிராஜ் தீர்மானித்துவிட்டார்: மச்சான் பேச்சிராஜின் மெயில் எதுவும் இனி இந்த ஆபீஸ் திரையில் தெரியக்கூடாது. ஆடித்தபசுத் திருவிழா வரவேற்புத் தட்டியில் மச்சானின் படம் இவருடையதைவிடப் பெரிதாக இருந்ததாம்.

“அப்ப அழிச்சிரட்டுமா அண்ணாச்சி?”

“அழிச்சிராதீரும் வே. கேசு கீசுன்னா வேணும். இருக்கணும், எங் கண்ணுல படக்கூடாது.”

சொந்தம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

பேச்சிராஜின் மெயில்களுக்கெல்லாம் ‘மச்சான்’ என்று டேக் ஒட்டி, தேடலில் அந்த டேக்கை விட்டுவிடும்படி நிரல் எழுதினேன். நான் செய்த மென்பொருளில் இன்றைய மெயிலைப் பார்ப்பதும் ஒரு தேடல்தான். ஓணத்துண்டு ஆர்டர் மச்சான் வழியாகத்தானே வருகிறது என்று நினைவூட்டினேன். தட்டியின் அளவு மறுபடி சொல்லப்பட்டது.

ஆகஸ்ட் 12
மச்சான் ஒழியவில்லை. முதல் தேடலில் மறைகிறார். அதே தேடலை மறுபடி தட்டினால் வந்து நிற்கிறார். முதலாளி வேட்டியில் டீயைக் கொட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 14
கண்டுபிடித்தேன். முதல் தேடல் முடிந்ததும், எதையெல்லாம் விலக்க வேண்டும் என்பதை நிரல் மறந்துவிடுகிறது. அதே கேள்வி திரும்ப வந்தால் விலக்கு இல்லாமல் ஓடுகிறது. பகையை ஒரு தடவைக்கு மேல் நினைவில் வைக்கத் தெரியவில்லை. இந்த ஊரில் அதற்குப் பிழை என்று பெயர்.

ஆகஸ்ட் 16
ஆர்டர் பார்க்கும் ஞானபூரணம் இப்போது எதையும் இரண்டு தடவைதான் தட்டுகிறார். “மொதத் தட்டு மொதலாளிக்கு, ரெண்டாவது தறிக்கு. இத சரி பண்ணிராதீங்க சார். ஓணத்துண்டுக்குக் கரை என்ன கலர்னு மச்சான் மெயில் வரணும். வரலன்னா போன வருசச் சிவப்புதான் ஓடும்.”

போனில் கேட்கலாமே?

“மச்சான்ட்ட பேசுனா வேலைக்கு வராதன்னு மொதலாளி சொல்லிட்டாருல்லா.”

நியாயம்தான். ஆனாலும் பிழை பிழைதானே? தெரிந்துகொண்டே விட்டுவைத்தால் நான் என்ன படித்தவன்?

ஆகஸ்ட் 18
திருத்திவிட்டேன். எத்தனை தடவை தட்டினாலும் மச்சான் இல்லை. முதலாளி தாமே தட்டிப் பார்த்து, “ஏ, ஆளு காலி!” என்றார். எனக்குப் பிரியாணி வந்தது. ஞானபூரணத்திடம் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 22
கலர் பற்றி மெயில் எதுவும் இல்லை. தறி ஓடுகிறது.

ஆகஸ்ட் 29
பேச்சிராஜே நேரில் வந்துவிட்டார். “அத்தான், போனத்தான் எடுக்க மாட்டேங்கியளே. பச்சைக் கரைன்னு இருவதாந் தேதியே மெயில் போட்டேம்லா? பாத்தியளா?”

முதலாளி தேடினார். இல்லை. மறுபடி தட்டினார். இல்லை.

“எங்க வே போட்டீரு?” என்றார், ஜெயித்த முகத்தோடு. பிறகு என்னைப் பார்த்தார்.

தேடல் சரியாக வேலை செய்கிறது என்றேன்.

லாரி காலையிலேயே சிவப்புக் கரைத் துண்டுகளோடு கேரள எல்லையில் புளியரையைத் தாண்டிவிட்டது.