ஏப்பம்

மேலப்பாளையம்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் உங்களை அல்லாஹ் காப்பாற்றட்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது. லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்பும் அஃப்சல் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி நூகு மவுத்தானது வாய்வால் இல்லை, மாரடைப்பால். காலையில் கடை திறந்ததும் நெஞ்சு அடைக்கிறது என்றிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமி, பெற்ற மனசு தாங்காமல், ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். “ஏப்பம் வந்துட்டுல்லா, இனி பயமில்ல” என்று மாமி சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சட்டையைக் கழற்றும்போதே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புரோட்டா எண்ணெய் என்றார் ஒருவர், கண்ணேறு என்றார் இன்னொருவர். நம் தெருவில் இந்த வருசம் இப்படிப் போன இளவட்டம் நூகு மட்டுமில்லை. டாக்டரிடம் நானே கேட்டேன். சுகர், பிரஷர், சிகரெட், தூக்கமில்லாத உழைப்பு, எல்லாம் சேர்ந்துதான் என்றார். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமாம். மாமாவும் சின்ன வயசிலேயே ‘வாய்வில்’ போனவர்கள்தானே.

இப்போது உங்களுக்கும் வாய்வு என்கிறீர்கள். லாரியில் ஏறி இறங்கினாலே மூச்சு வாங்குகிறது, இடது கை கனக்கிறது என்று அஃப்சல் சொன்னார்.

மாமியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தால் அவர்களும் உயிரோடு தங்கமாட்டார்கள். உங்களுக்கென்று ஓமத்திரவக் குப்பிகளைத் துணியில் சுற்றி அஃப்சல் பெட்டியில் வைத்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. வந்ததும் கொட்டிவிடுங்கள். ஏப்பத்துக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஓடமாட்டீர்கள் என்றும் தெரியும். தெரிந்தால் ‘அன்ஃபிட்’ என்று எழுதி ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. அடுத்த மாதம் விசா புதுப்பிக்க மெடிக்கல் இருக்கிறதாமே. எப்போதும் நீங்கள் ‘ஃபிட்’ ஆக வேண்டும் என்று மாமியும் நானும் சேர்ந்துதான் நோன்பு நேர்வோம். இந்தத் தடவையும் நேர்ந்திருக்கிறோம். மாமி கேட்பதை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மெடிக்கலில் அந்த டாக்டர் உங்களை அன்ஃபிட் என்று எழுதட்டும். அல்லாஹ் ஏற்றுக் கபூலாக்குவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை மச்சான். ஆனாலும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நீங்களும் ஆமீன் சொல்லுங்கள்.

உங்கள்
நஃபீஸத்