கட்டின வீடு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லீவு போட்டுவிட்டு மொழிபெயர்ப்பு. அஜின்கோர்ட்டில் ஒரு பப்பை என்ரை மனுசன் நேசன் எடுத்து நடத்தப் போகிறாராம். கட்டடம் ஒரு வைன் வியாபாரியுடையது. அவருடைய பாட்டன் பூட்டன் இங்கிலாந்தில் ஒரு பழைய நகரத்தில் வைன் விற்றவர்கள், பப்புகளும் வைத்திருந்தவர்கள். அந்தக் கதையைத் தமிழில் சுவரில் மாட்டவேண்டுமாம். வருகிறது தமிழ்ச் சனம்தானே. எழுதுகிறவள் நான், சம்பளமில்லாமல்.

"டைட் ஹவுஸ்" என்றொரு சொல். "டை" என்றால் கட்டுகிறதுதானே. "கட்டின வீடு" என்று எழுதினேன். நேசன் எட்டிப் பார்த்தார்.

"கட்டின வீடோ? ஆரைக் கட்டினது?"

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

நவம்பர் 5, புதன்

சரியான நித்திரை இல்லை. அந்தச் சொல்லின் அர்த்தம் தேடினேன். பப்பை நடத்துகிறவன் முதலாளியின் சரக்கை மட்டும்தான் விற்கலாம். வெளியில் ஒரு போத்தல் வாங்கினால் கடை போச்சு. கதை முழுக்க முதலாளிமாரின் பெயர்கள். நடத்தினவன் ஒருத்தனின் பெயரும் இல்லை.

நேசனிடம் சொன்னேன்.

"உது அந்தக் காலத்துக் கதையப்பா. வைன்காரர் நல்ல மனுசன்."

ஊர்ச் சாராயமும் நண்டுக் கறியும் வைத்து, எங்கட ஆக்கள் இருந்து கதைக்க ஓரிடம். பாக்டரியில் நின்ற நிலையில் இத்தனை வருஷமாய் அவர் கண்ட கனவு. திங்கள் வேலையை விடுகிறதாக லெட்டர் கொடுக்கப் போகிறார். மறித்தால் நான் பொல்லாதவள். மறிக்காவிட்டால்? விசர் பிடிக்குது.

தோய்த்த உடுப்பு இன்னும் மடிக்கவில்லை. மகள் போனில்: "அம்மா, ஜஸ்ட் லெட் ஹிம். அப்பா பாவம்." நான் பாவமில்லையாக்கும்!

நவம்பர் 7, வெள்ளி

வெயில், ஆனால் பொல்லாத காற்று. ஒப்பந்தத்தில் நேசனும் நானும் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணுமாம். பப்புக்குப் போனோம். மொழிபெயர்ப்பை நீட்ட, வைன்காரர் ஒரு எழுத்தும் விளங்காமல் ஆசையாய்த் தடவிப் பார்த்தார். நேசன் பேனையைத் திறந்தார்.

அப்போதுதான் நான் கேட்டேன், ஊர்ச் சாராயம் விற்கலாமா என்று.

"நோ, நோ. ஒன்லி அவர்ஸ்." தங்கட சரக்கு மட்டும்தானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். அது குடும்ப வழக்கமாம், பேப்பரில் எழுதுவதில்லையாம்.

நேசன் என்னைப் பார்த்தார். பேனையை மூடினார்.

"இஞ்சேர், எழும்பும். போவம்."

அஜக்ஸில் எங்கட வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒருக்கால் கண்ணைத் துடைத்தார். நான் வென்றுவிட்டேன். பெரிய வெற்றி! அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாக்டரிச் சப்பாத்தை எடுத்து, துடைத்து, கதவடியில் வைத்தார்.