சார்ஜென்டின் வெயில்

மில்டூரா
பிப்ரவரி 18 (இன்றைய வெயில் எண் 11)

மண்ணுக்கடியில் குடியிருக்கும் பெருச்சாளி ராஸுக்கு,

நான் நலம். சுரங்கக் கூரை இன்னும் உன் தலையில் விழவில்லை என்றால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் வளைக்குள் போன் எடுக்காது, அதனால்தான் கடிதம். ஆசை என்று நினைத்துக்கொள்ளாதே.

நம் கெரினுக்கு ஆஸ்திரேலியாவின் மறுகோடியில், பெர்த்தில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "அம்மா, இனிமே இவன நீதான் பாத்துக்கணும். இவன வளக்கிற லைசென்ஸக்கூட உன் பேருக்கு மாத்திட்டேன்" என்றாள். என்னைக் கேட்கவே இல்லை. உன் மகள்தானே!

உள்ளே ஒரு தாடி ஓணான் குட்டி. வாலைச் சேர்த்தாலும் என் கையளவு வராது. அதற்குள் என்ன மிடுக்கு! என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஒரு முன்னங்காலைத் தூக்கி, காற்றில் மெல்ல ஒரு வட்டம் போட்டு இறக்கினான். சல்யூட் அடிக்கிறான் ராஸ்! அதனால் சார்ஜென்ட் என்று பெயர் வைத்துவிட்டேன். கண்ணைச் சுற்றி மஞ்சள் பொடி தூவியதுபோல் இருக்கிறது. கழுத்து முட்கள் குத்தும் என்று பயந்தேன், தொட்டால் ரப்பர். வேலை வெட்டி இல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொட்டியில் சூட்டுக்கு ஒரு பல்பும், நீல வெளிச்சத்துக்கு ஒரு குழல்விளக்கும் இருந்தன. குழல்விளக்கின் பெட்டியில் கொட்டை எழுத்தில் 'யு.வி.' என்று போட்டிருந்தது. என் முதுகிலிருந்து டாக்டர்கள் தோண்டி எடுத்த புற்று, வெயிலில் இருக்கிற இதே யு.வி.யால் வந்தது என்று உனக்குத் தெரியும். பச்சைக் குழந்தையை அதன் கீழே விடுவேனா? கையோடு கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டேன். ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன் என்று கோபித்துக்கொண்டு போனாயே, அந்தத் தாள் இப்போது அவனையும் சேர்த்துக் காக்கிறது. வீடு இருட்டு என்று சொல்லிவிட்டுப் போய்க் குகையில் குடியிருக்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

தொப்பி போடு. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன்.

கிளெனிஸ்


ஒயிட் கிளிஃப்ஸ்
மார்ச் 3

அம்மணிக்கு,

கடிதத்தின் தலையில் அன்றைய யு.வி. அளவை வெயில் எண்ணாகப் போடுகிற ஒரே பெண்மணிக்கு என் வணக்கம்.

சார்ஜென்டைப் பற்றி நீ எழுதியதை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எல்லோரும் என்றால் நானும் பக்கத்துக் குழியில் என்னைப்போலவே ஓப்பல் கல் தோண்டுகிற மிலோஷும். "உன் சம்சாரம் உன்னப் பத்தி இப்படி ஒரு வரி எழுதியிருக்காளா?" என்று மிலோஷ் கேட்டான். நான் டீ போடப் போய்விட்டேன்.

என் குழிவாசல் கம்பத்திலும் ஒரு பெரிய தாடி ஓணான் உட்கார்ந்திருக்கிறது. வெயில் கொளுத்துகிறபோது வாயைப் பிளந்துகொண்டு, ஊரையே விலைக்கு வாங்கியவன்போல் பார்க்கும். அந்தக் கம்பீரத்துக்கு நான் அடிமை. உன் வீட்டிலும் அதுபோல ஒன்று இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தொப்பி தலையில் அரிக்கிறது.

ராஸ்


மில்டூரா
மார்ச் 29 (வெயில் எண் 7)

ராஸ்,

மனசு சரியில்லை. சார்ஜென்ட் நாலு நாளாகப் பூச்சியைத் தொடவில்லை. முகத்துக்கு நேரே குட்டி வெட்டுக்கிளி துள்ளினாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். சல்யூட் நின்றுபோய்விட்டது. எந்நேரமும் தூக்கம். இன்று காலை கையில் எடுத்தபோது பின்னங்கால் விரல்கள் நடுங்கின. குளிரோ என்று சூட்டு பல்புக்குக் கீழே வைத்தேன், அங்கேயும் நடுங்கின.

கறுப்புத் தாளை மீறிக் கொஞ்சம் வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னலோரத்தில்தான் அவன் தொட்டியை வைத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வேன்? நீ சின்ன வயசிலிருந்து இதுகளோடு வளர்ந்தவன், சொல்.

கிளெனிஸ்


ஒயிட் கிளிஃப்ஸ்
ஏப்ரல் 6

அம்மணி,

பயப்படாதே. ஏப்ரல் வந்தால் நம் ஊரில் குளிர்காலம் நெருங்குகிறதல்லவா, இதுகள் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தூங்கும். எங்கள் கம்பத்து ஐயாவையும் ஒரு வாரமாகக் காணவில்லை. தொந்தரவு பண்ணாமல் விட்டுவிடு, வசந்தத்தில் தானே எழுந்து சல்யூட் அடிப்பான்.

ராஸ்


மில்டூரா
ஏப்ரல் 14 (வெயில் எண் 5)

ராஸ்,

உன் பேச்சை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்நேரம் அவனைத் தோட்டத்தில் புதைத்திருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று அவன் தாடையைத் தடவிப் பார்த்தேன். வேகவைத்த நூடுல்ஸ்போல வளைந்தது. தூங்குகிறவனுக்குத் தாடை எதற்கு வளைய வேண்டும்? பொழுது சாய்ந்ததும் துண்டில் சுற்றிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினேன். சின்னப் பெண். அவன் வாயைத் தொட்டதும் அவள் முகம் மாறியது.

"எலும்பெல்லாம் ஜவ்வாயிட்டு வருதும்மா. யு.வி. விளக்கு இருக்கில்ல?"

"கழட்டிட்டேன்."

"எதுக்குக் கழட்டினீங்க?"

திரும்பி நின்று, சட்டைக் காலரை இறக்கி முதுகைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "உங்களுக்கு அது விஷம்தான். இவனுக்கு அதுதான் சோறு" என்றாள்.

நான் அவனைப் பட்டினி போட்டிருக்கிறேன் ராஸ். பாசமாய்ப் பாசமாய்ப் பட்டினி போட்டிருக்கிறேன்.

சுண்ணாம்புச் சத்து மருந்து கொடுத்திருக்கிறாள், சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும். விளக்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். அது போதாதாம். "நெஜ வெயில் மாதிரி வராதும்மா. கண்ணாடி வழியா வேணாம், அது எல்லாத்தையும் வடிகட்டிடும். தினமும் காலையில கம்பிக்கூண்டுல வெச்சு முற்றத்துல விடுங்க. நிழல் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க பக்கத்துலயே இருக்கணும், இல்லன்னா காக்கா விடாது." பிழைப்பானா என்று கேட்டேன். "முயற்சி பண்ணலாம்" என்றாள்.

பகலில் நான் அந்த முற்றத்தில் கால் வைத்து மூன்று வருஷம். துணிகூட இருட்டிய பிறகுதான் காயப்போடுகிறேன். கூண்டு தயாராக வாசலில் இருக்கிறது. நானும் அவனும் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

கிளெனிஸ்


ஒயிட் கிளிஃப்ஸ்
ஏப்ரல் 23

கிளெனிஸ்,

நான் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

உன் கடிதத்தை மிலோஷுக்குப் படித்துக் காட்டவில்லை. படித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, போன் எடுக்கிற மேட்டுக்குப் போனேன். காலை ஒன்பது மணி. மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. முதலில் பதறிவிட்டேன். பிறகு மெல்லப் புரிந்தது. காலை ஒன்பது மணிக்கு நீ வீட்டுக்குள் இல்லை! அந்த மேட்டில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன். மறுநாளும் போய் அடித்துப் பார்த்தேன். நீ எடுக்காததைக் கேட்கத்தான் போனேன்.

ஆபரேஷனுக்குப் போகும்போது நீ என் கையைக்கூடப் பிடிக்காமல் நடந்து போனவள். அன்றைக்கே நினைத்தேன், இவளைப்போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை என்று. இப்போது மறுபடியும் நினைக்கிறேன்.

அவன் எப்படி இருக்கிறான்? நீ எப்படி இருக்கிறாய்? இரண்டையும் எழுது.

ராஸ்


மில்டூரா
மே 16

ராஸ்,

சார்ஜென்ட் சாப்பிட்டுவிட்டான்!

ஒரு வாரத்துக்கு முன்னால் முதல் வெட்டுக்கிளி. நாக்கு நீண்டதுதான் தெரியும், பூச்சியைக் காணோம். இப்போது தாடை கெட்டியாகிவிட்டது. முதுகில் ஒரு சின்னக் கோணல் மட்டும் கடைசிவரை இருக்குமாம். அதனால் என்ன, என் முதுகும்தான் கோணல். நேற்று அடுத்த வீட்டு டீனோ திராட்சைத் தோட்டத்திலிருந்து அவனுக்குக் கீரை கொண்டுவந்தார். அவருடைய பெரிய தொப்பியைப் பார்த்ததும் தாடியை உப்பிக் கறுப்பாக்கிக்கொண்டு எதிர்த்து நின்றான் பார், அப்படியே போர்வீரன். டீனோ தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சிக்கோ துரை, தெரியாம வந்துட்டேன்" என்றார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீளக் கைச் சட்டை, தொப்பி, முகத்தில் களிம்பு எல்லாம் உண்டு, கவலைப்படாதே. வெயிலில் அவன், பக்கத்து நிழலில் நான். முதல் நாள் கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. அவன் கூண்டுக்குள்ளிருந்து, நடுங்குகிற விரல்களோடு, கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிற இடத்துக்குப் போகாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்று காலை நான் நாற்காலியில் சாய்ந்ததும், சார்ஜென்ட் முன்னங்காலைத் தூக்கினான். ஒரு வட்டம். முழு வட்டம்.

போன் மணி எனக்குக் கேட்டது. இரண்டு நாளும். நீ என்று தெரியும். எழுந்து போனால் காக்கா வரும், அதனால் எடுக்கவில்லை. அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே நிழலில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது.

கிளெனிஸ்


ஒயிட் கிளிஃப்ஸ்
மே 24

என் அம்மணிக்கு,

கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு மறுபடி மேலே போனேன். தேதி இருக்கிறது, வெயில் எண் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தேன். மிலோஷிடம் காட்டினேன். "இதுல என்னய்யா இருக்கு, ஒண்ணுமில்லையே" என்றான். ஆமாம், அதைத்தான் பார் என்றேன்.

தோண்டுகிற சாமான்களை அவனிடமே கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் தபால் வண்டியில் முன்னால் வரும், என் வண்டி பின்னாலேயே வரும். சார்ஜென்டிடம் சொல்லிவை, புது ஆள் ஒருவன் வருகிறான், தாடியைக் கறுப்பாக்கினாலும் போக மாட்டான் என்று.

கடையில் ஒரு தொப்பி வாங்கினேன். அரிக்கிறது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ராஸ்