மாவை மூடிக் காயவைத்த நாள்

இன்று மில் கூரையில் சூரியத் தகடு மாட்ட ஆட்கள் வந்தார்கள். ஒரு தகட்டை மாவு காயவைக்கும் களத்து ஓரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. அதற்கு மேல் அவர்களோடு நின்று பேசத் தெம்பில்லை. உள்ளே வந்து, இல்லாமல் போன உனக்கு எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். என் சொந்தக் காலில் நின்ற முதல் தொழில். என்னைக் கட்டி வந்த நீ பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பள்ளிக்கூடம் முழுக்கப் புளியமர நிழல் என்று பிள்ளைகளை நம் களத்துக்கே ஓட்டி வந்துவிடுவாய். இரவல் வாங்கிய கையகலத் தகட்டில் ஒரு பொம்மை விசிறியை இணைத்தாய். வெயிலில் சுற்றியது, நிழலில் நின்றது.

“வெளிச்சம் வந்து மோதுனா இதுக்குள்ள எலக்ட்ரான் கெளம்பி ஒரே பக்கமா ஓடும். அந்த ஓட்டந்தான் சாமி கரண்டு.”

“அப்ப சித்திரை வெயில்ல இன்னும் வேகமாச் சுத்துமுங்களா டீச்சர்?” என்றாள் ஒரு சிறுமி.

“வெளிச்சம் இருந்தாச் சுத்தும். தகடு ரொம்பச் சுட்டுப் போனாக் கரண்டு கொறஞ்சுதான் போகும். சூடு வேணும்னா அதுக்கு வேற வழி.”

அந்த வேறு வழியையும் காட்டினாய். உள்ளே கறுப்படித்த பெட்டி, மேலே கண்ணாடி மூடி. கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும், கண்ணாடி சூட்டை வெளியே விடாது. மதியத்துக்குள் உள்ளே வைத்த முட்டை வெந்திருந்தது.

அந்த ஐப்பசியில் விடாத மூட்டம். மரவள்ளிக் கிழங்கு அரைத்து எடுத்த ஈர மாவு காயாமல் புளிப்பு வாடை அடிக்க ஆரம்பித்தது. அது கெட்டால் மில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் போக வேண்டியதுதான்.

“ஏனுங்க, கறுப்புத் தார்ப்பாய்ல மாவப் பரப்பி, மேல பாலிதீன் தாள இழுத்துக் கட்டுனா என்னங்க? கெடைக்கற வெயிலு உள்ளயே நிக்குமுங்க” என்றாய்.

“டீச்சரம்மா களத்துக்கே முக்காடு போடச் சொல்றாங்க” என்று களத்துப் பெண்கள் சிரித்தார்கள். இருந்த தாள் பாதிக் களத்துக்குத்தான் வந்தது. மறுநாள் மேகம் கலைந்து, நல்ல வெயில் அடித்தது. திறந்து கிடந்த பாதி பொலபொலவென்று காய்ந்தது. தாளைத் தூக்கினால் உள்ளே நீர் சொட்டுகிறது. மாவு களியாகிக் கட்டி கட்டியாகக் கிடக்கிறது.

“ஏம்புள்ள, முட்டையாட்டமே வேக வெச்சுட்டியே!” என்றேன்.

நீ ஒரு கட்டியை எடுத்து விரலால் பிட்டுப் பார்த்தாய். “சூடு நிக்கறதுக்கு வழி பண்ணுனேன். ஈரம் வெளிய போக வழி வெக்கலீங்க” என்றாய்.

அந்தக் கட்டிகளை இடித்துக் காயவைத்து நல்ல மாவு மூட்டைக்கு அடியில் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு. தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மறுநாள் சேலத்திலிருந்து மாவு பார்க்க வியாபாரி வந்து நிற்கும்போதே நீ பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாய். ஒரு கட்டியைக் கையில் தூக்கிக் காட்டினாய்.

“டீச்சர் மாவ மூடிக் காயவெச்சது தப்பாப் போச்சு சாமி. காயறதுக்குச் சூடு மட்டும் பத்தாது, காத்தும் வேணும்.”

வியாபாரி கட்டியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். “கெட்டது இதுதான்னு உங்க ஊட்டம்மாவே காட்டிட்டாங்க. மத்த மூட்டையப் பிரிக்க வேண்டாமுங்க, ஏத்துங்க” என்றார். மில் நம் கையில் நின்றது.

அன்றிலிருந்து மாதிரிப் பொட்டலம் கட்டும்போது மட்டமானதைத்தான் மேலே வைக்கிறேன். அதனால் போன வியாபாரமும் உண்டு, வந்ததும் உண்டு. இப்போது இரண்டிலும் சலிப்புதான். ஆனாலும் கை மாறமாட்டேன் என்கிறது. நேற்றுகூட ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து முகம் சுளித்தார்.

“பெரியவரே, நல்ல சரக்கே இல்லீங்களா?”

“அடியில இருக்குதுங்க” என்றேன்.