மெழுகில் முக்கிய கை

ஏப்ரல் 3
இன்று சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இஞ்சித்துண்டுபோலக் கணுக்கணுவாக வீங்கிக் கிடக்கின்றன. இந்த நேரம் பார்த்தா ரிசா வந்து நிற்க வேண்டும்? என் ஞானமகள்; நான் அவளுக்கு நினாங், ஞானத்தாய். ஜூனில் கல்யாணம். "நினாங், முக்காட்டை நீங்கதான் குத்தணும். வேற யாரும் வேணாம்." பூசையில் இருவரையும் சேர்த்துப் போர்த்தும் துணி அது: அவள் தலையில் ஓர் ஊக்கூசி, மாப்பிள்ளை தோளில் ஓர் ஊக்கூசி. கழன்று விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு என்ன, வாதமா?

ஏப்ரல் 9
மூட்டுத் தேய்மானமாம். ஆஸ்பத்திரியில் ஹனிலின் என்ற பெண் இளஞ்சூட்டு மெழுகில் என் கையை முக்கி முக்கி எடுத்தாள். கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் மிதந்தது. அப்படியே கண் சொக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கையைத் துண்டில் சுற்றிவிட்டேன். சூடு பட்ட கையில் தண்ணீர் பட்டால் பாஸ்மா என்ற கோளாறு வரும், கை நடுங்கும், நரம்பு இழுக்கும். இஸ்திரிக் கடை வைத்திருக்கும் எனக்கா தெரியாது? பாத்திரமெல்லாம் இனி என் புருஷன் டோரோ பாடு.

"மகாராணிக்குச் சோறும் ஊட்டிவிடவா?"

"ஊட்டுங்களேன்."

ஏப்ரல் 20
மெழுகு. துண்டு. தூக்கம். கனவில் என் பத்து விரலும் மெழுகுவர்த்திகளாக எரிந்தன. சுடவேயில்லை.

மே 14
விரல் மடங்க மாட்டேனென்கிறது. முன்னைவிட மோசம். "வீட்ல பயிற்சி பண்றீங்களா?" என்றாள் ஹனிலின். அசைக்காமல் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ மனாங்! அக்கா, மெழுகு இளக்கத்தான். இளகுன கைக்கு வேலை குடுக்கணும். நீங்க தூங்க வெச்சிருக்கீங்க!"

"பாஸ்மா வந்துட்டா?"

"எங்கம்மாவும் இதே பாட்டுதான். வெதுவெதுப்பான தண்ணில ஆரம்பிங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. முக்காட்டு ஊசியைக் குத்த முடியாமல் போனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மே 15
தண்ணீருக்குள் ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். அழுதேன். மறுபடி பிழிந்தேன்.

மே 29
ஊசியைத் திறக்க வருகிறது. மூடத்தான் வரவில்லை.

ஜூன் 20
கோயில் வாசலில் கொட்டோ கொட்டென்று மழை. கை நனைந்து சில்லிட்டுவிட்டது, துடைக்க நேரமில்லை. பூசை நடுவில் முக்காட்டை ரிசா தலையில் எப்படியோ குத்திவிட்டேன். மாப்பிள்ளை தோளைத் தாழ்த்தினான். ஊசி வழுக்கியது. கடவுளே!

"மெதுவா நினாங். நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்" என்று ரிசா கிசுகிசுத்தாள்.

இரண்டாம் தடவை, டிக். வெள்ளை முக்காடு இருவர்மேலும் காற்றில் ஏறி இறங்கியது. அவர்கள் மேகத்துக்குள் நிற்பதுபோல் இருந்தது. பூசை முடியும்வரை அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழலவில்லை.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து காப்பிக் கோப்பையைக் கழுவினேன். டோரோ பதறிக்கொண்டு வந்தார். "அடியே, பச்சைத் தண்ணிடீ!"

"தெரியுது."

விரல் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. தண்ணீர் சில்லென்று நன்றாக இருந்தது. அவர் கையிலிருந்த கோப்பையையும் வாங்கிக் கழுவினேன்.