பேர் வைக்காத பக்கம்

என் உயிரில் பாதியான அக்கா,

நீ போய் இருபத்தாறு நாள் ஆகிறது. இன்று உன் கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டோம். மற்ற விஷயங்களை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

உன்னை ஆட்டோவில் ஏற்றியபோது நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்ன கடைசிப் பேச்சு உனக்கு நினைவிருக்கிறதா? "அந்தப் பெட்டிய அணைச்சுடாதடா. எழுதினது உள்ள இருக்கு." அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுவிட்டார்கள். நீ பேசவே இல்லை. உள்ளே இருப்பது எனக்கு எழுதிய கடிதம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அன்று காலையில்தானே, அந்தக் குப்பைக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடு என்று உன்னிடம் கத்தினேன். அதற்கு ஒரு பதில் வைத்துவிட்டுப் போயிருப்பாய் என்று நம்பினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பட்டனைத் தட்டினேன். உள்ளே விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. தூக்கத்திலிருந்து எழுந்தால் அது அப்படித்தான் அடம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். நீ இரண்டு தட்டு தட்டிவிட்டு, "அதுக்கு இன்னும் எழுந்திரிக்க மனசில்ல" என்று காபி போடப் போவாய். நான் காபி போட்டும் பார்த்தேன். வரவில்லை.

மயிலாப்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரஃபி பாய்க்கு போன் செய்தேன். ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். உலகத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், ஆனால் அதை மட்டும் நான் செய்ய முடியாது. நீ எதையும் உடனே சேமிக்க மாட்டாய். செத்தவர்களுக்கான பூசையில் கொடுக்கும் நினைவு அட்டைக்காக வருகிறவர்களைப் பக்கத்து நீல நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல டைப் அடிப்பாய். கடைசியில் முழுவதும் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் பேர் கொடுத்து உள்ளே வைப்பாய். செத்தவருக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் பக்கத்துக்குப் பேர் வைக்கக்கூடாது என்பது உன் சட்டம். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், ஒரு தடவையாவது சேமித்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

அதனால் அதைத் தொடாமல் விட்டேன். அதுவும் தானாகவே மறுபடி தூங்கிவிட்டது. சின்னச் சின்ன மின்வெட்டையெல்லாம் யுபிஎஸ் தாங்கிக்கொண்டது. நேற்று சாயங்காலம்தான் போனில் செய்தி வந்தது, பராமரிப்புக்காக நம் தெருவில் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை மின்சாரம் இருக்காது என்று. நம் யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம்.

ரஃபி பாய் ஏழரைக்கே வந்துவிட்டார். நீ என்றால் அவருக்கு எவ்வளவு மரியாதை என்று அப்போதுதான் தெரிந்தது, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உன் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். கையோடு கொண்டு வந்த வேறு மானிட்டரை மாட்டினார். நாலு பட்டனை ஒன்றாக அழுத்தச் சொன்னார், உள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. திரையில் ஒன்றுமில்லை. மணி எட்டரை தாண்டியது.

பிறகு அவர் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினார். குட்டி விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினார், அணைந்தது.

"சார், இது முழிச்சுக்கினுதான் கீது. நமக்குத்தான் முகத்த காட்ட மாட்டேங்குது. டீச்சர் பாஸ்வேர்டு எதுனா வெச்சிருந்தாங்களா?"

வைக்கவில்லை. அதற்கும் உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். என் வீட்டில் எதற்குப் பூட்டு என்பாய். அந்தப் பிடிவாதம்தான் அக்கா இன்று காப்பாற்றியது. நீ எழுதிய பக்கம் திறந்தபடியே முன்னால் இருக்கும், நாம் பார்க்காமலே அதைச் சேமிக்கலாம் என்றார் பாய். கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினேன். பத்து எண்ணினேன். என்டர் தட்டினேன். பெட்டியின் சிவப்பு விளக்கு நாலைந்து தடவை துடித்து நின்றது. உள்ளே போயிருக்கும் என்றார் பாய். போயிருக்கும் என்றாரே தவிர, போய்விட்டது என்று சொல்லவில்லை. ஒன்பதுக்கு மின்சாரம் நின்றது. யுபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது.

பாய் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு வாசலில் லூர்து வந்து நின்றாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் லூர்துதான். நீ போன பிறகு மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் வாசலிலேயே நிறுத்தி, அட்டை எழுதித் தர இனி இங்கே ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டேன். அவள் புருஷன் அமல்ராஜ் மஞ்சள் காமாலையில் போனது தெரிந்தும் அப்படிப் பேசினேன். இன்று என்னவோ தெரியவில்லை, உள்ளே வா என்றேன். அவளாகவே போய் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அட்டைக்கு வர்ல சார். ஒண்ணு சொல்லணும்னுதான் நானும் வந்துகினே கீறேன். அன்னைக்கி காலைல டீச்சரக்கா என் கதையத்தான் அடிச்சுகினு இருந்துச்சு. நடுவுல நெஞ்ச தடவுச்சு. இன்னாக்கான்னு கேட்டேன். ஒண்ணுல்ல, நீ போய்ட்டு நாளைக்கி வா, மீதிய எழுதிக்கலாம்னுச்சு. நானும் போய்ட்டேன். என்னாலதானா சார்?"

நான் கத்தியதால்தானோ என்று நானும் இருபத்தாறு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் அக்கா. இதே கேள்வியோடு என் வாசலுக்கு வந்தவளை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரமே நீ சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறியதைப் பார்த்தவன் நான், பார்த்தும் கேட்காமல் விட்டவனும் நான்தான் என்று அவளிடம் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. விசிறி இல்லாத புழுக்கத்தில் இரண்டு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடிதம் எனக்கில்லை என்று புரிந்துவிட்டது. ஏமாற்றமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது, பின்னாலேயே பாயும் வந்தார். அவரே பெட்டியை ஆன் செய்தார். தூக்கத்திலிருந்து அல்லாமல் புதிதாக எழுந்ததால் திரை ஒழுங்காக வெளிச்சம் காட்டியது. உன் கோப்புகளின் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று இருந்தது. பேர் வைக்காவிட்டால் முதல் வரியையே அது பேராக எடுத்துக்கொள்ளுமாம். 'என் வூட்டுக்காரரு கடலுக்குப் போறப்ப' என்று இருந்தது. பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

லூர்துவுக்கு எழுத்து தெரியாது. நான் வாசித்தேன். அவள் பேச்சை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே அடித்திருந்தாய். ஒரு பக்கம் முழுக்க இருந்தது, 'கரைக்கு வந்தா மொதல்ல மீனப் பத்தி பேச மாட்டாரு, என்னப் பாத்து' என்பதோடு நின்றிருந்தது. மீதியை அவளிடம் கேட்டேன்.

"நீ சாப்ட்டியான்னுதான் கேப்பாரு."

அதை நான் அடித்தேன். ஒரே விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி. முழுவதையும் மறுபடி வாசித்துக் காட்டினேன். அவள் தலையாட்டிய பிறகு சேமித்தேன். உன் சட்டப்படி.

இன்னும் நாலு நாளில் உன் முப்பதாம் நாள் பூசை. நம் சர்ச் பங்கில் எல்லாருடைய அட்டையையும் எழுதியவளுக்கு எழுத ஆளில்லை. நான் ஏழெட்டுத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தேன். புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, அக்காவைப் பற்றி நீ சொல்லு லூர்து என்றேன். அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எல்லாரும் அழுவாத அழுவாதன்னாங்க. டீச்சரக்கா மட்டும் சொல்லல. நான் அழுது முடிக்கற வரைக்கும் கைய மடியில வெச்சுகினு உக்காந்துனு இருந்துச்சு."

உன் அட்டையில் இதுதான் வரப்போகிறது. உன் சொந்தக்காரன் என்ற முறையில் நான் தலையாட்டிவிட்டேன், சேமித்தும் விட்டேன். இந்தக் கறுப்புத் திரையைச் சரிசெய்ய உள்ளே புது கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்கிறார் பாய், போடச் சொல்லிவிட்டேன். பெட்டி இங்கேயே இருக்கும், நீல நாற்காலியும் அதன் பக்கத்தில் இருக்கும். இனி யார் வந்தாலும் வாசலில் நிறுத்த மாட்டேன் அக்கா. மெதுவாகத்தான் அடிப்பேன். அவர்கள் அழுது முடிக்கும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்.

உன்னிடம் கத்தியவன், உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்,
உன் தம்பி சவரிமுத்து